காங்கேசன்துறைக் கோச்சிக்கு வந்தவை வெள்ளைக்காரன் ஓட்டிக் கழித்த எஞ்சின்களா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மான்செஸ்டரில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்கள். பாகிஸ்தானில் ஓடிய ஒரு பழைய நீராவி எஞ்சின் அங்கே நிற்பதைப் பார்த்ததும் அம்மப்பா சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது: "வெள்ளைக்காரன் தன்ர நாட்டில ஓட்டித் தேஞ்சதைத்தான் எங்கட காங்கேசன்துறைக் கோச்சிக்கு அனுப்பினவன்." கோச்சி என்றால் எங்கள் பேச்சில் ரயில், காங்கேசன்துறை யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள துறைமுகம். அவர் சொன்னது உண்மையா என்பது முதல் கேள்வி. இங்கிலாந்தில் செய்த எஞ்சின்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன, ஏன் போயின என்பது இரண்டாவது.

நான் யார் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொக்குவில்காரன். புகையிரதப் பட்டறையில் ஃபிற்றராகச் சேர்ந்து, வேலைக்காலம் முழுவதையும் எஞ்சின்களுக்குக் கீழே படுத்தே கழித்தவன். நான் சேர்ந்தபோது நீராவிக் காலம் ஓய்ந்திருந்தது. ஆனால் நீராவியில் கைபழகிய பாஸ்மார், அதாவது மூத்த தொழிலாளிகள், இன்னும் இருந்தார்கள், அவர்களிடம்தான் தொழில் படித்தேன். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் எழுதும் பதிலாக இதை எடுக்க வேண்டாம். இரும்பைத் தெரிந்த ஒருவனின் பதில் இது. உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்கிறேன், என் ஊகம் எங்கே வருகிறதோ அங்கே ஊகம் என்றே சொல்கிறேன்.

சரி, முதல் கேள்வி. அம்மப்பா சொன்னது சரியில்லை. அண்ணன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு வருவது எங்கள் வீடுகளில் வழக்கம்தான். எஞ்சின் விஷயத்தில் அது நடக்க முடியாமல் போனது. காரணம் தண்டவாளத்தின் அகலம். பிரித்தானியாவில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 4 அடி எட்டரை அங்குலம், அதாவது 1435 மில்லிமீற்றர். இலங்கையில் 5 அடி 6 அங்குலம், 1676 மில்லிமீற்றர். இந்தியாவின் பெரிய பாதைகளுக்கு எடுத்த அளவையே இங்கும் எடுத்தார்கள். 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது இந்த அகலத்தில்தான். வித்தியாசம் ஒன்பதரை அங்குலம். கையால் காட்டினால் ஒரு சாண். ஆனால் அந்த ஒரு சாண் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

அச்சை மட்டும் நீளமாக்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் பயிலுநனாக இருந்தபோது கேட்டுப் பேச்சு வாங்கியிருக்கிறேன். நீராவி எஞ்சினில் சக்கரம் தனியே நிற்பதில்லை. இரண்டு பக்கமும் தடித்த இரும்புத் தகட்டால் ஆன சட்டம் ஓடுகிறது. சிலிண்டர்கள் அந்தச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. சிலிண்டரிலிருந்து வரும் தண்டு நேராகச் சக்கரத்தின் முளைக்கு வர வேண்டும். பழைய எஞ்சின்களில் நெருப்பு எரியும் ஃபயர்பொக்ஸ் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இறங்கியிருக்கும், ஆகவே அதன் அகலத்தையும் தண்டவாளமே தீர்மானிக்கிறது. அகலப் பாதைக்காகச் செய்த எஞ்சினுக்குள் அகலமான அடுப்பை வைக்கலாம், அதுவே எங்களுக்குக் கிடைத்த ஒரு இலாபம். ஒரு எஞ்சினின் அகலத்தை மாற்றுவதென்றால் சட்டம், சிலிண்டர், அச்சு எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகச் செய்ய வேண்டும். உலகில் அப்படி மாற்றிய சம்பவங்கள் உண்டு. ஆனால் அந்தச் செலவுக்குப் புதிதாகவே வாங்கலாம் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு.

நீங்கள் பார்த்த பாகிஸ்தான் எஞ்சினையே எடுங்கள். இலக்கம் 3157. முன்னால் நான்கு சிறிய சக்கரம், நடுவில் நான்கு பெரிய சக்கரம், பின்னால் ஒன்றுமில்லை, ஆகவே 4-4-0 என்பார்கள். 1911இல் வல்கன் ஃபவுண்டரி என்ற கொம்பனி செய்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த நியூட்டன்-லி-வில்லோஸ் மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் இடையில்தான் இருக்கிறது, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லை. அந்த எஞ்சினும் 5 அடி 6 அங்குலக்காரன். அதாவது அது பிறந்த நாட்டில் ஒரு நாளும் பயணிகளை இழுத்திருக்க முடியாது. கடல் கடந்து போய், பிரிக்கப்படாத இந்தியாவிலும் பிறகு பாகிஸ்தானிலும் உழைத்து முடித்து, ஓய்வுக்கு ஊர் திரும்பியிருக்கிறது. மலாயாவில் உழைத்துப் பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பிய எங்கள் ஊர்க் கிழவர்களை அது எனக்கு ஞாபகப்படுத்துகிறது. அடுத்த முறை போனால் அது நிற்கும் தண்டவாளத்தை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள்.

அப்படியானால் தன் நாட்டில் ஓட முடியாத எஞ்சின்களை அவர்கள் ஏன் இவ்வளவு செய்தார்கள்? பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. பிரித்தானியாவின் பெரிய ரயில் கொம்பனிகள் தங்களுக்கு வேண்டிய எஞ்சின்களைப் பெரும்பாலும் தாங்களே செய்துகொண்டன. குரூ, சுவிண்டன், டாபி, டொன்காஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பட்டறை இருந்தது. தனியார் எஞ்சின் கொம்பனிகளுக்கு உள்ளூர்ச் சந்தை சுருங்கிப்போனது. ஒரு ரயில் கொம்பனி இன்னொரு ரயில் கொம்பனிக்கு எஞ்சின் செய்து விற்கத் தொடங்கியதும் தனியார் கொம்பனிகள் ஒன்றுசேர்ந்து நீதிமன்றம் போயின. ரயில் கொம்பனிகள் தங்கள் தேவைக்கு மட்டும் செய்யலாம், வெளியாருக்கு விற்கக்கூடாது என்று 1876இல் தடை உத்தரவு வாங்கின. அதனால் வேலை பிரிந்தது. உள்நாட்டுக்கு ரயில் கொம்பனிகளின் பட்டறைகள், வெளிநாட்டுக்குத் தனியார். மான்செஸ்டரில் பேயர் பீக்கொக், லீட்ஸில் கிட்சன், ஹன்ஸ்லட், நியூகாசிலில் ரொபேட் ஸ்டீபன்சன், ஸ்டாஃபோர்டில் பாக்னல் என்று இந்தப் பெயர்கள் எல்லாம் கடல் கடந்த நாடுகளைப் பெரிதும் நம்பிச் சோறு தின்றவை. கிளாஸ்கோவின் மூன்று பெரிய கொம்பனிகள் 1903இல் சேர்ந்து நோர்த் பிரிட்டிஷ் லோக்கோமோட்டிவ் கொம்பனி ஆயின. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய எஞ்சின் கொம்பனி அது. ஸ்பிரிங்பர்னில் செய்த எஞ்சினை நகரத் தெரு வழியே இழுத்துக்கொண்டு கிளைட் ஆற்றுக்குப் போவார்களாம், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்களாம், எங்கள் தேர்த் திருவிழா மாதிரி. அங்கே கப்பலில் ஏற்றுவதற்கென்று 175 தொன் தூக்கும் பாரந்தூக்கி ஒன்றை 1930களின் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். எஞ்சின் செய்வது நின்று பல பத்தாண்டுகள் கடந்தும் அந்த ஃபினிஸ்டன் பாரந்தூக்கி இன்னும் ஆற்றங்கரையில் நிற்கிறது, கிளாஸ்கோ போனால் பார்க்கலாம்.

ஆகவே எங்களுக்கு வந்தவை புதியவை, எங்கள் அளவுக்குத் தைத்த சட்டைகள். ஆனால் இங்கே நான் அம்மப்பாவின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். சட்டை புதியது, சரி. துணிக்கடையை யார் தெரிவு செய்தது? குடியேற்ற நாட்டு அரசாங்கங்களுக்கு வேண்டிய தளபாடங்களை லண்டனில் இருந்த கிரவுண் ஏஜன்ட்ஸ் என்ற அலுவலகமே வாங்கிக் கொடுத்தது. இலங்கைப் புகையிரதமும் அந்த வழியில்தான் வாங்கியது. பணம் இலங்கையின் வரிப்பணம், கடை பிரித்தானியக் கடை. வேறு நாட்டில் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிக்க எங்களுக்கு இடமில்லை. கழித்ததை எங்கள் தலையில் கட்டினார்கள் என்பதைவிட, தங்கள் தொழிற்சாலைகளுக்கு எங்களை நிரந்தர வாடிக்கைக்காரர் ஆக்கினார்கள் என்பதே நியாயமான குற்றச்சாட்டு. அம்மப்பாவின் கோபம் சரி, முகவரிதான் பிழை.

இனி காங்கேசன்துறைக்கு வருவோம், உங்கள் ஆர்வமும் அங்கேதானே. வடபகுதிப் பாதை தெற்கிலிருந்து படிப்படியாக வந்து கடைசியாக யாழ்ப்பாணத்தைத் தொட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வருடமே பளை வரை நீட்டினார்கள். அப்போது கொழும்பிலிருந்து வரும் பாதை அனுராதபுரத்தைக்கூடத் தாண்டவில்லை. இரண்டு முனைகளும் சேர்ந்து கொழும்பு - காங்கேசன்துறை முழுப்பாதையாகத் திறந்தது 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்து ரயில், தீவுக்குள் ஒரு தீவாக, தனியே ஓடியிருக்கிறது. இவை பதிவில் உள்ளவை. இதிலிருந்து நான் போடும் ஊகம் இது: அந்த மூன்று வருடம் ஓடிய எஞ்சின்கள் தண்டவாளம் வழியே வந்திருக்க முடியாது, வன்னிக் காட்டு வழியே மாட்டு வண்டியிலும் வந்திருக்க முடியாது. கடல் வழியே வந்து இந்தக் கரையில்தான் இறங்கியிருக்க வேண்டும். பாதை ஏன் துறைமுகத்திலிருந்து தெற்கு நோக்கித் தொடங்கியது என்பதற்கும் அதுவே பொருத்தமான விளக்கம். எஞ்சினைப் பொயிலர் வேறு, சட்டம் வேறு, சக்கரம் வேறாகக் கழற்றிப் பெட்டிகளில் அனுப்பி, போன இடத்தில் பூட்டி எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். முழு எஞ்சினை அப்படியே தூக்கி வைக்கும் கப்பல்கள் பிறகுதான் வந்தன. காங்கேசன்துறைக் கரையில் பெட்டி பெட்டியாக ஒரு எஞ்சின் இறங்கி, வெயிலில் நின்று அதைப் பூட்டிய ஆட்களை நினைத்துப் பார்க்கிறேன். எந்த ஊர்க் கைகளோ!

சமதரைப் பாதைக்கு எங்களிடம் அதிகம் ஓடியது பி வகை என்று சொல்லும் 4-6-0 எஞ்சின்கள். முன்னால் நான்கு, நடுவில் இழுக்கும் சக்கரம் ஆறு. அவற்றில் பி 1 வகைக்குப் பழைய ஆள்பதிகளின் பெயர்களை வைத்திருந்தார்கள்: சேர் தோமஸ் மெயிற்லண்ட், ஃபிரெடெரிக் நோர்த் என்று. மலைநாட்டுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றம் 45 அடிக்கு ஒரு அடி உயர்கிறது, அதில் ஒரு எஞ்சின் திணறும், இரண்டு வேண்டும். அதற்குப் பதிலாக வந்ததுதான் கரட் எஞ்சின். நடுவில் ஒரே பெரிய பொயிலர், அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகள். வளைவில் பாம்பு மாதிரி வளைந்து போகும். மான்செஸ்டர் பேயர் பீக்கொக் இதன் தாய்வீடு. எங்களுக்கு முதல் கரட் 1927இல் வந்தது, அதன் இலக்கம் 241. இரண்டு பாதை அகலங்களுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீற்றரில் சரியாக 241 வருகிறது. இதில் ஒரு இரகசியமும் இல்லை, கணக்குப் போடும்போது சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். பிறகு 1945இல் எட்டு கரட்டுகள் வந்தன. அந்த வருடத்தைக் கவனியுங்கள். போரால் இங்கிலாந்திலேயே எஞ்சினுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. அப்போதும் எங்களுக்கென்று புதிதாகச் செய்தே அனுப்பினார்கள். கழித்ததை அனுப்பும் எண்ணமும் வழியும் இருந்திருந்தால் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது.

இதைவிடப் பலமான சாட்சி டீசலில் இருக்கிறது. 1953, 54இல் பிரஷ் பாக்னல் கொம்பனியிடம் இருந்து 25 டீசல் எஞ்சின்கள் வந்தன. எம் 1 என்று பெயர். பெட்டிகளை இழுத்துக்கொண்டு எங்கள் பெரும்பாதைகளில் ஓடிய முதல் டீசல் எஞ்சின்கள் அவைதான். பாரம் தண்டவாளத்தில் பரவலாக விழுவதற்காக, ஒவ்வொரு முனையிலும் மூன்று அச்சு வைத்து, நடு அச்சைச் சும்மா உருள விட்டிருந்தார்கள். உள்ளே இருந்து இயக்கியது மிர்லீஸ் என்ற கொம்பனியின் டீசல் எஞ்சின். இதே கொம்பனி நான்கு வருடம் கழித்து, 1957இல், பிரிட்டிஷ் ரயில்வேக்கு ஒரு வகையைச் செய்து கொடுத்தது. இப்போது அதை 31ஆம் வகை என்கிறார்கள். அதிலும் அதே அச்சு ஒழுங்கு, அதே மிர்லீஸ் குடும்பம். அதாவது இலங்கைக்கு முதலில் செய்து கைபழகி, பிறகு தங்கள் நாட்டுக்குச் செய்தார்கள். தம்பிக்குத் தைத்த சட்டையைப் பார்த்து அண்ணனுக்குத் தைத்த கதை! இங்கிலாந்தில் அந்த மிர்லீஸ்களில் உலோகம் களைத்து வெடிப்பு விழுந்ததால் 1960களில் அவற்றைக் கழற்றிவிட்டு இங்கிலீஷ் எலெக்ட்ரிக் எஞ்சின்களைப் பூட்டினார்கள். எங்கள் எம் 1களும் பாஸ்மாரைப் பாடாய்ப் படுத்தியவைதான், அந்தத் திட்டு வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடாவிலிருந்து எம் 2 வந்தது. அல்பேட்டா, ஒன்டாரியோ என்று கனடா மாகாணப் பெயர்களோடு வந்த அந்தப் பிள்ளைகள் எங்களை ஏமாற்றவில்லை. 1956 ஏப்ரல் 23ஆம் திகதி எங்கள் வடபகுதிக் கடுகதி வண்டியான யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1981இல் மீண்டும் பிரஷ் கொம்பனியிடமிருந்து எம் 7 வந்தது, அதற்குள் இருந்தது அமெரிக்க வடிவமைப்பு எஞ்சின். உடம்பு இங்கிலாந்து, இதயம் அமெரிக்கா. அந்த இதயத்தைத் திறந்து மூடிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கிலாந்தில் ஓடிக் களைத்த எஞ்சின்கள் வெளிநாடு போனதே இல்லையா? போயிருக்கின்றன, அதே 1435 அகலம் உள்ள நாடுகளுக்கு. இரண்டாம் உலகப் போரில் ஸ்டேனியர் 8எஃப் என்ற சரக்கு எஞ்சின்களை ஈரான், எகிப்து, பலஸ்தீனம், துருக்கி என்று அனுப்பினார்கள். சில போருக்கென்றே புதிதாகச் செய்தவை, சில ஏற்கனவே ஊரில் ஓடியவை. துருக்கிக்காரர் அவற்றுக்குச் சர்ச்சில் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். துருக்கியில் முடிந்த ஒன்று 1989இல் இங்கிலாந்துக்கே திரும்பி வந்துவிட்டது. போய்ச் சேராதவையும் உண்டு. திஸில்கோம் என்ற கப்பல் 1941 ஒக்டோபரில் செங்கடலில் ஜேர்மன் குண்டுபட்டு மூழ்கியது. அதன் தளத்தில் கட்டியிருந்த இரண்டு எஞ்சின்கள் தூக்கி எறியப்பட்டு, கப்பலுக்கு இரண்டு பக்கமும் கடலடியில் இன்றும் நிற்கின்றன. சுழியோடிகள் போய்ப் படம் எடுத்து வருகிறார்கள். ஓடவேண்டிய நாட்டுக்கும் போகாமல் பிறந்த நாட்டுக்கும் திரும்பாமல் நடுவில் நின்றுபோனவை. எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது வேறு ஞாபகங்களும் வரும்.

இந்தக் காலத்திலும் கைமாறல் நடக்கிறது. இங்கிலாந்தின் 87ஆம் வகை மின் எஞ்சின்கள் பல்கேரியாவுக்குச் சரக்கு இழுக்கப் போயின. லண்டனிலிருந்து மேற்கே பறந்துகொண்டிருந்த எச்எஸ்டி என்ற அதிவேக வண்டிகள் சில மெக்சிக்கோவுக்குப் போய் 2023இல் ஓடத் தொடங்கின. காட்சிக்காகவும் போயிருக்கின்றன. நீராவி வேகச் சாதனை படைத்த மல்லாட் என்ற எஞ்சினின் சகோதரர்களான ஏ 4 வகையில் ஒன்று அமெரிக்காவிலும் ஒன்று கனடாவிலும் நிற்கின்றன, 2013இல் யோர்க்கில் ஆறு சகோதரர்களையும் ஒன்றாக நிறுத்த அவற்றைக் கப்பலில் கொண்டுவந்து பிறகு திருப்பி அனுப்பினார்கள். பென்டெனிஸ் காஸில் என்ற எஞ்சின் 1977இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கக் கொம்பனி ஒன்றுக்குப் போய் 2000இல் திரும்பியது. உலகத்தின் முதல் கரட், 1909இல் தாஸ்மேனியாவுக்குப் போன சின்னஞ்சிறு எஞ்சின், இப்போது வேல்ஸில் இருக்கிறது. ஜப்பானின் முதலாம் இலக்க எஞ்சினும் உங்கள் பாகிஸ்தான்காரனைப் போல வல்கன் ஃபவுண்டரியில் பிறந்ததுதான், 1871இல். ஜப்பான்காரர் அதைச் சைத்தாமாவில் அருங்காட்சியகத்தில் வைத்துப் பூப்போலப் பார்க்கிறார்கள். இதே வல்கன் 1930களில் சீனாவுக்கு 24 பெரிய எஞ்சின்கள் செய்து கொடுத்தது. அதில் ஒன்றைச் சீனா பிறகு அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுத்து, அது யோர்க்கில் நிற்கிறது. அதன் பாதை அகலம் இங்கிலாந்தின் அகலமேதான். ஆனாலும் அது அங்கே ஓட முடியாது, உடம்பு பெரிதாகிப் பாலங்களிலும் மேடைகளிலும் முட்டும். தண்டவாளம் பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அம்மப்பா அப்படி ஏன் சொன்னார் என்று யோசித்தேன். இனி வருவது முழுக்க என் ஊகம். ஒரு நாட்டுக்குள்ளேயே எஞ்சின்கள் கைமாறும். புதியது முக்கியமான வண்டிக்குப் போகும், அங்கிருந்த பழையது சரக்குக்கும் கிளைப் பாதைக்கும் இறங்கும், அதைவிடப் பழையது நிலைய முற்றத்தில் பெட்டி தள்ளும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஊர் நிலையத்தில் பெட்டி தள்ளிய கிழட்டு எஞ்சினைத் தினம் பார்த்த ஒரு பையன், அதன் பக்கத்தில் இருந்த பித்தளைத் தகட்டில் ஒரு ஆங்கிலேய ஊரின் பெயரையும் பழைய வருடத்தையும் வாசித்தால் என்ன நினைப்பான்? அந்த வருடத்திலிருந்து அது அங்கே ஓடியது என்றுதான். அந்தத் தகடு எஞ்சின் எங்கே, எப்போது பிறந்தது என்பதை மட்டும் சொல்லும். அது வேறெங்காவது வாழ்ந்ததா என்று சொல்லாது. இன்னொரு சாத்தியமும் உண்டு. துறைமுகம், அணை கட்டும் கொந்தராத்துக்காரரின் சிறு எஞ்சின்கள் வேலை முடிய அடுத்த வேலைக்கு, அடுத்த நாட்டுக்குக்கூட விற்கப்படுவது வழக்கமாக இருந்தது. அப்படி ஒன்றைப் பற்றிய பேச்சு எல்லா எஞ்சின்களுக்கும் பரவியிருக்கலாம். உங்கள் அம்மப்பாவின் தகப்பன் மலாயா ரயிலில் வேலை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே போர்க்காலத்தில் ஜப்பான்காரர் எஞ்சின்களையும் பெட்டிகளையும் சியாம் - பர்மா மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள், கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு ஊர் எஞ்சின் இன்னொரு ஊருக்குப் போன கதை உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அது அங்கிருந்து வந்த உண்மைக் கதையாகவும் இருக்கலாம். கொக்குவிலுக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் கதைகள் இப்படித்தான் கலந்துபோகும்.

தண்டவாளம் பெயர்ப்பது என்றதும் எங்களுக்கு மலாயா வரை போகத் தேவையில்லை. 1985 ஜனவரியில் முறிகண்டிக்குக் கிட்ட யாழ்தேவி தாக்கப்பட்டது. 1990 ஜூனில் ஓட்டமே நின்றது. அதற்குப் பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தபோது நான் மேடையில் நின்றேன். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. 2019இல் உத்தரதேவி என்ற பெயரில் இந்தப் பாதையில் ஓடத் தொடங்கிய எஸ் 13 தொடர்வண்டி சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்தது. அதை அங்கே செய்து இங்கே ஓட்ட முடிகிறதற்குக் காரணமும் அந்த 1676தான், இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே அகலம். ஒரு சின்ன விநோதம்: தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடிய காலத்தில் அந்தப் பக்கம் மீற்றர்கேஜ், இந்தப் பக்கம் அகலப் பாதை. கடல் இல்லாவிட்டாலும் வண்டி நேரே வந்திருக்காது. இன்னொன்று, 1855இல் லீட்ஸ் கிட்சன் கொம்பனி கல்கத்தாப் பக்கத்துக்கு அனுப்பிய எக்ஸ்பிரஸ் என்ற எஞ்சினை 2010இல் திருத்தி மீண்டும் நீராவியில் ஓட வைத்ததும் அதே பெரம்பூரில் உள்ள எஞ்சின் பட்டறைதான். லீட்ஸ்காரரின் வேலையை இன்று தமிழ் பேசும் கைகள் பார்க்கின்றன.

நீங்கள் அடுத்த முறை ஊருக்கு வந்தால் கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கரட் 347 அங்கே நிற்கிறது, களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதையில் ஓடிய சென்டினல் நீராவிப் பெட்டியும் நிற்கிறது. அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். பேயர் பீக்கொக் கொம்பனியின் பழைய பதிவுகளும் வரைபடங்களும் நீங்கள் போன அதே மான்செஸ்டர் அருங்காட்சியகத்தின் காப்பகத்தில்தான் இருக்கின்றன. பார்க்க விடுவார்களா என்று முன்கூட்டிக் கேளுங்கள். இலங்கைக் கரட் 241 பற்றிய கட்டளையில் யார் கையெழுத்து, என்ன விலை, எந்தக் கப்பல் என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு படம் எடுத்து இங்கே போட்டால், அந்தக் கையெழுத்தை வாசித்துச் சொல்ல என்னைப் போல இன்னும் இரண்டு மூன்று கிழவர்கள் காத்திருக்கிறோம்.